நல்ல கம்பெனி சார், நம்பி வாங்கலாம்!

ஒரு கேள்வி. ஒருத்தர் உங்ககிட்ட வந்து "இது நல்ல கம்பெனி சார், நம்பி பணம் போடலாம்"னு சொல்றார். பொய் சொல்லல. நிஜமாவே நல்ல கம்பெனிதான். ஆனா அந்தக் கம்பெனியோட ஷேரை முந்தாநாள்தான் அவர் வாங்கி வச்சிருக்கார். இல்லேன்னா அவரோட மச்சான் அங்க பெரிய போஸ்ட்ல இருக்கார். அதை மட்டும் அவர் சொல்லல. இப்ப அவர் உங்களை ஏமாத்தினாரா, இல்லையா?

"சொன்னது உண்மைதானே, இதுல என்ன ஏமாத்து?" அப்படின்னு நம்ம பசங்க பாதிப் பேர் சொல்வாங்க. தப்பில்ல. அமெரிக்காவுல பெரிய பெரிய நீதிபதிகளே இப்படித்தான் சொன்னாங்க. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

அதுக்கு முன்னாடி நம்ம ஊர் கல்யாணத் தரகரைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. "பொண்ணு மகாலட்சுமி மாதிரி சார், குடும்பம் தங்கமான குடும்பம்" அப்படிம்பார். யாராவது ஏமாறுவோமா? மாட்டோம். அவருக்குத் தரகு உண்டுன்னு எல்லாருக்கும் தெரியும். அதனால அவர் சொன்னதுல பாதியைக் கழிச்சுட்டு மீதியை விசாரிப்போம். அதே பொண்ணைப் பத்தி, பஸ்ல பக்கத்து சீட்ல உக்காந்திருந்த பெரியவர் ஒருத்தர் யதேச்சையா நல்லதா நாலு வார்த்தை சொன்னா? கழிக்க மாட்டோம். முழுசா எடுத்துக்குவோம். அந்தப் பெரியவர் பொண்ணோட தாய்மாமான்னு கல்யாணத்தன்னிக்குத்தான் தெரிஞ்சா எப்படி இருக்கும்? பொண்ணு நல்ல பொண்ணாவே இருக்கட்டும். ஆனாலும் உள்ள ஒரு மாதிரி இருக்கும் இல்ல? அந்த "ஒரு மாதிரி"க்கு சட்டத்துல பேர் கண்டுபிடிக்க ரொம்ப வருஷம் ஆச்சு.

1929-ல அமெரிக்கப் பங்குச்சந்தை குப்புற விழுந்தது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. விழுந்ததுக்கு அப்புறம்தான் தோண்ட ஆரம்பிச்சாங்க. 1932-ல ஃபியோரெல்லோ லகார்டியா (பின்னாடி நியூயார்க் மேயர் ஆனவர், அந்த ஊர் ஏர்போர்ட் ஒண்ணுக்கு இவர் பேர்தான்) செனட் கமிட்டி முன்னாடி போய் செக்குகளை எடுத்துப் போட்டார். ஷேர் விலையை ஏத்தறதுக்காக விளம்பர ஏஜென்ட் ஒருத்தர் பத்திரிகைக்காரங்களுக்குக் கொடுத்த செக்குகள். பேப்பர்ல "இந்த ஷேர் பிரமாதம்"னு படிச்சுட்டு வாங்கினவனுக்கு, எழுதினவன் பாக்கெட்ல அந்த ஷேர்காரனோட செக் இருந்தது தெரியாது.

இது அப்பட்டமான லஞ்சம். இதைத் தப்புன்னு சொல்ல நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டியதில்ல. சிக்கலானது அடுத்தது.

1960. கேப்பிடல் கெய்ன்ஸ் ரிசர்ச் பீரோன்னு ஒரு நிறுவனம். மாசம் ஒரு அறிக்கை தபால்ல அனுப்புவாங்க. சுமார் 5,000 சந்தாதாரர்கள், வருஷத்துக்கு 18 டாலர் சந்தா. "இந்த ஷேரை வாங்கி நீண்ட நாள் வச்சிருங்க"ன்னு சிபாரிசு பண்றதுதான் வேலை. மார்ச் 15-லேர்ந்து நவம்பர் 7 வரைக்கும் ஆறு தடவை ஒரே மாதிரி ஒரு விஷயம் நடந்தது. முதல்ல இவங்களே அந்த ஷேரை வாங்குவாங்க. கொஞ்ச நாள்ல அறிக்கைல "வாங்குங்க"ன்னு எழுதுவாங்க. சந்தாதாரர்கள் வாங்க, விலை ஏறும். ஏறின உடனே இவங்க வித்துட்டுப் போயிட்டே இருப்பாங்க. நீண்ட நாள் வச்சிருக்கச் சொன்னது சந்தாதாரருக்கு மட்டும்!

பங்குச்சந்தை ஆணையம் கோர்ட்டுக்குப் போச்சு. தண்டனை கூட கேக்கல. "நாங்களும் இந்த ஷேரை வாங்கி வச்சிருக்கோம், விக்கப் போறோம்னு வாசகர்கிட்ட சொல்லச் சொல்லுங்க, போதும்"னு மட்டும்தான் கேட்டாங்க. கீழ்க்கோர்ட் முடியாதுன்னுடுச்சு. மேல்முறையீட்டு நீதிமன்றத்துல எல்லா நீதிபதிகளும் சேர்ந்து உக்காந்து 5-க்கு 4-ன்னு அதையே சொன்னாங்க. காரணம் என்ன தெரியுமா? அந்த ஷேர்கள் மோசம்னு யாரும் சொல்லல. சந்தாதாரரை நஷ்டப்படுத்தணும்னு இவங்க நினைச்சதா நிரூபிக்கல. யாருக்கும் நஷ்டம் வந்ததாகவும் காட்டல. அப்புறம் எங்க மோசடி?

பார்த்தீங்களா, "சொன்னது உண்மைதானே" கட்சிதான் ஜெயிச்சது.

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. 1963 டிசம்பர் 9-ம் தேதி தீர்ப்பு. கென்னடி சுடப்பட்டு 17 நாள்தான் ஆகியிருந்தது, அதனால பேப்பர்ல எவ்வளவு பேர் இதைப் படிச்சிருப்பாங்கன்னு தெரியல. தீர்ப்பு எழுதினவர் ஆர்தர் கோல்ட்பர்க், கென்னடி நியமிச்ச நீதிபதி. தீர்ப்பைத் தலைகீழாத் திருப்பிப் போட்டார். ஆலோசனை சொல்றவர் கெட்டவரா நல்லவராங்கறது கேள்வியே இல்ல. தனக்கே தெரியாம கூட அவர் மனசு ஒரு பக்கம் சாயலாம். இந்த ஷேர் பத்து வருஷத்துல நல்லா வரும்னு சிபாரிசு பண்றாரா, நாம எழுதினா நாலு நாள்ல விலை ஏறும்னு சிபாரிசு பண்றாரான்னு அவருக்கே பிரிச்சுச் சொல்ல முடியாம போகலாம். அதை எடை போடற உரிமை கேக்கறவனுக்கு வேணும். எடை போடணும்னா விஷயம் தெரியணும். அதனால மறைச்சதே மோசடி. இதுதான் அந்தத் தீர்ப்போட சாரம் (என் வார்த்தைல).

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அந்த "தனக்கே தெரியாம" பகுதி. நாமெல்லாம் நேர்மைன்னா "நான் மனசறிஞ்சு பொய் சொல்லல"ங்கறதோட நிறுத்திக்குவோம். என் மச்சான் ஓட்டல்ல இட்லி நிஜமாவே நல்லாருக்குன்னுதான் சொல்வேன். ஆனா என் நாக்கு என் மச்சானோட சம்பந்தம் இல்லாத நாக்கா? அதைத் தீர்மானிக்க வேண்டிய ஆள் நான் இல்லைங்கறார் கோல்ட்பர்க்.

அடுத்து 20 வருஷம் தள்ளி வருவோம். வால் ஸ்ட்ரீட் ஜர்னல்ல "ஹெர்ட் ஆன் தி ஸ்ட்ரீட்"னு ஒரு பத்தி. அதுல ஒரு ஷேரைப் பத்தி நல்லதா வந்தா விலை ஏறும், கெட்டதா வந்தா இறங்கும், அவ்வளவு செல்வாக்கு. அதை எழுதினவங்கள்ல ஒருத்தர் ஃபாஸ்டர் வைனன்ஸ். 1983 அக்டோபர்ல கிட்டர் பீபாடி கம்பெனியோட பீட்டர் பிராண்ட்ங்கற புரோக்கரோட ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டார். நாளைக்கு என்ன வரப்போகுதுன்னு இன்னைக்கே சொல்லிடுவார், புரோக்கர் முன்கூட்டியே வாங்கி வச்சிடுவார். நாலு மாசத்துல சுமார் 6,90,000 டாலர் லாபம். இதுல வைனன்ஸ் பக்கத்துக்கு வந்தது கிட்டத்தட்ட 31,000 டாலர் மட்டும். வேலை, பேர், சுதந்திரம் எல்லாம் போனது இதுக்காக. என்ன கொடுமை சரவணன் இது.

இந்தக் கேஸ்ல ஒரு விசித்திரம். பத்தியோட "தூய்மை" கெடக்கூடாதுன்னு இவங்களுக்குள்ளயே பேசி வச்சிருந்தாங்க! அதாவது லாபத்துக்காக விஷயத்தை மாத்தி எழுதறது கிடையாது. எழுதினதை எல்லாம் நேர்மையாத்தான் எழுதுவாராம். கட்டுரைகள் திரிக்கப்பட்டதா கோர்ட்டும் சொல்லல. அப்படின்னா வாசகன் படிச்சது அத்தனையும் ஒழுங்கான செய்தி. ஆனா காலைல அதைப் படிச்சுட்டு வாங்கப் போனவனுக்கு வித்தது யாரு? முந்தின நாளே வாங்கி வச்சுட்டுக் காத்திருந்த கோஷ்டி.

1987 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி பண்ணுச்சு. ஆனா எதுக்குன்னு பாருங்க. பங்கு மோசடிங்கற குற்றச்சாட்டுல நீதிபதிகள் 4-க்கு 4-ன்னு பிரிஞ்சுட்டாங்க (சமமாப் பிரிஞ்சா கீழ்க்கோர்ட் தீர்ப்பே நிக்கும்). எல்லாரும் ஒத்துக்கிட்டது தபால் மோசடிங்கற குற்றச்சாட்டை மட்டும். அதுக்குச் சொன்ன காரணம், பத்திரிகையோட ரகசியத் தகவல் பத்திரிகையோட சொத்து, அதை இவர் திருடிட்டார். ஆக, எட்டுப் பேரும் ஒரே குரல்ல சொன்னபடி பார்த்தா பாதிக்கப்பட்டவர் முதலாளி. வாசகன் இல்ல! என்னைக் கேட்டா கோல்ட்பர்க் போட்ட பாதைலேர்ந்து இது கொஞ்சம் விலகல்தான். வக்கீல் நண்பர்கள் யாராவது இருந்தா பின்னூட்டத்துல சண்டைக்கு வரலாம் :-)

இதுவரைக்கும் எல்லாம் காசு சமாச்சாரம். தொடர்புன்னா காசு மட்டும்தானா? இப்பத்தான் என்னோட ஃபேவரிட் கதைக்கு வர்றோம்.

ஜாக் கிரப்மேன். 1990-கள் கடைசில டெலிகாம் கம்பெனிகளைப் பத்தி இவர் சொன்னதுதான் வேதவாக்கு. சாலமன் ஸ்மித் பார்னில அனலிஸ்ட், அது சிட்டிகுரூப்போட கிளை. வருஷச் சம்பளம் சுமார் 2 கோடி டாலர். (எம்ஐடில படிச்சேன்னு சொல்லிக்கிட்டிருந்தார், உண்மைல படிச்சது பாஸ்டன் பல்கலைக்கழகம். அதுவும் நல்ல காலேஜ்தான், ஏன்யா பொய்?) அனலிஸ்ட்டோட வேலை, ஒரு கம்பெனியோட கணக்கைப் படிச்சுட்டு வாங்கலாமா வேண்டாமான்னு முதலீட்டாளருக்குச் சொல்றது. ஆனா அதே நிறுவனத்தோட இன்னொரு பிரிவு அதே கம்பெனிகளோட ஐபிஓவை நடத்திக் கொடுத்து ஃபீஸ் வாங்கும். கம்பெனியைத் திட்டினா பிசினஸ் கிடைக்காது. இது முரண்பாடு ஆச்சேன்னு கேட்டப்ப, முன்னாடி முரண்பாடுன்னு சொன்னதைத்தான் இப்ப கூட்டுப் பலம்னு சொல்றோம்னு 2000-ல ஒரு பத்திரிகைக்கே பேட்டி கொடுத்தவர் இவர். வேர்ல்ட்காம் முதலாளி பெர்னி எப்பர்ஸோட கல்யாணத்துக்குப் போனவர், அந்தக் கம்பெனியோட போர்டு மீட்டிங்ல உக்காந்தவர். அதே வேர்ல்ட்காம் ஷேரை வாங்கச் சொல்லி வருஷக்கணக்கா சிபாரிசு பண்ணினவர்.

ஆனா ஏ.டி. அண்டு டி மேல மட்டும் இவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்ல. பல வருஷமா "சுமார்"னுதான் சொல்லிக்கிட்டிருந்தார். சிட்டிகுரூப் தலைவர் சாண்டி வைல் ஏ.டி. அண்டு டியோட போர்டுல இருந்தார். ஏ.டி. அண்டு டி தலைவர் ஆம்ஸ்ட்ராங் சிட்டிகுரூப்போட போர்டுல இருந்தார். "அந்தக் கம்பெனியைப் புதுசா ஒரு பார்வை பாரேன்"னு வைல் கிரப்மேன்கிட்ட சொன்னார். இதை வைல் பின்னாடி ஒத்துக்கிட்டார்.

1999 நவம்பர் 5-ம் தேதி கிரப்மேன் வைலுக்கு ஒரு மெமோ எழுதினார். தலைப்புலயே ரெண்டு விஷயம்: ஏ.டி. அண்டு டி, 92-வது தெரு ஒய். ரெண்டாவது என்னன்னா மன்ஹாட்டன்ல ஒரு நர்சரி ஸ்கூல்! அவரோட இரட்டைக் குழந்தைகளுக்கு அங்க சீட் வேணும். ஏ.டி. அண்டு டி ஆராய்ச்சி எந்த அளவுல இருக்குன்னு சொல்லிட்டு, அப்படியே ஸ்கூல் விஷயத்துல உதவி கேக்கறார். வருஷம் 8,000 டாலர் சம்பாதிச்ச அப்பாவுக்குப் பொறந்து அரசுப் பள்ளில படிச்ச எனக்கே இது விநோதமாத்தான் இருக்கு, ஆனா பிள்ளைங்களுக்காக என்னதான் செய்ய மாட்டோம்ங்கற மாதிரி ஒரு வரியும் அதுல உண்டு. எல்கேஜி சீட்டுக்கு விடிய விடிய க்யூல நின்ன நம்மூர் அப்பாக்களுக்கு இந்த இடத்துல கிரப்மேன் மேல கோவமே வராது. எனக்கும் வரல.

அந்த மாசக் கடைசில ஏ.டி. அண்டு டிக்கு "வாங்கு" ரேட்டிங் கொடுத்தார். 2000 ஏப்ரல்ல ஏ.டி. அண்டு டி வயர்லெஸ் ஐபிஓ வந்துச்சு, 1,060 கோடி டாலர். அமெரிக்காவுல அதுவரைக்கும் அதைவிடப் பெரிய ஐபிஓ இல்ல. நடத்தினவங்கள்ல சாலமனும் உண்டு. குழந்தைகளுக்கு சீட் கிடைச்சது. சிட்டிகுரூப் அந்த மையத்துக்கு 10 லட்சம் டாலர் நன்கொடை கொடுக்கறதா ஒத்துக்கிட்டது. 2000 அக்டோபர்ல கிரப்மேன் ஏ.டி. அண்டு டி ரேட்டிங்கைத் திரும்பக் குறைச்சார்.

நியாயமா ஒண்ணு சொல்லணும். ரேட்டிங்குக்கும் சீட்டுக்கும் முடிச்சு போடாதீங்கன்னு ரெண்டு பேருமே மறுத்தாங்க. தொடர்பு இருந்ததா தான் தம்பட்டம் அடிச்சு அனுப்பின ஈமெயில் கூட வெறும் அளப்புன்னு கிரப்மேன் பின்னாடி சொன்னார். வைல் மேல குற்ற வழக்கு எதுவும் வரல. சரி, அப்படியே வச்சுக்குவோம். 1999 நவம்பர்ல அந்த ரேட்டிங்கைப் படிச்சுட்டு ஏ.டி. அண்டு டி ஷேர் வாங்கின ஒரு ரிடையர்டு வாத்தியாரைக் கற்பனை பண்ணுங்க. "இந்த அனலிஸ்ட்டோட முதலாளி அந்தக் கம்பெனி போர்டுல இருக்கார், இதே மாசம் அனலிஸ்ட் தன் பிள்ளைங்க சீட்டுக்காக அதே முதலாளிகிட்ட கேட்டிருக்கார்"னு முதல் பக்கத்துல எழுதியிருந்தா அவர் அதே விலைக்கு வாங்கியிருப்பாரா? கிரப்மேன் மனசுல என்ன இருந்ததுன்னு கண்டுபிடிக்கவே வேண்டாம். கோல்ட்பர்க் 1963-லயே அந்த வேலையை மிச்சப்படுத்திட்டார்.

மீதி வேகமா நடந்தது. 2002 ஜூன்ல வேர்ல்ட்காமோட கள்ளக்கணக்கு வெளில வந்துச்சு, ஜூலைல திவால். அமெரிக்காவுல அதுவரைக்கும் நடந்ததுலயே பெரிய திவால் அதுதான். 2003 ஏப்ரல்ல பத்து பெரிய நிறுவனங்கள் மொத்தம் சுமார் 140 கோடி டாலர் கட்டி சமரசம் பண்ணிக்கிட்டாங்க, சிட்டிகுரூப் பங்கு மட்டும் 40 கோடி. கிரப்மேன் 1.5 கோடி டாலர் கட்டினார், இந்தத் தொழில்லேர்ந்து ஆயுள் முழுக்கத் தடை. குற்றத்தை ஒத்துக்கவும் இல்ல, மறுக்கவும் இல்ல. அதுக்கப்புறம் அனலிஸ்ட் அறிக்கைகள்ல எல்லாம் கடைசில பொடி எழுத்துல பக்கம் பக்கமா "எங்களுக்கும் இந்தக் கம்பெனிக்கும் இன்ன இன்ன தொடர்பு உண்டு"ன்னு போட ஆரம்பிச்சாங்க.

பொடி எழுத்துல போட்டா போதுமா? 2005-ல கெய்ன், லோவன்ஸ்டீன், மூர்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டாங்க. ஒரு ஜாடி நிறைய சில்லறைக் காசு. மதிப்பு எவ்வளவுன்னு சொல்லணும். ஒருத்தர் தூரத்துலேர்ந்து கொஞ்ச நேரம்தான் பார்ப்பார், அவருக்கு யோசனை சொல்ற இன்னொருத்தர் கிட்டப் போய்ப் பார்க்கலாம். யோசனை சொல்றவருக்கு, மத்தவர் கூட்டிச் சொன்னா அதிகக் காசு. இந்த ஏற்பாட்டை வெளிப்படையாச் சொன்னப்ப என்ன ஆச்சு தெரியுமா? யோசனை சொன்னவங்க இன்னும் அதிகமா ஊதிப் பெருக்கினாங்க! "அதான் சொல்லியாச்சே, இனி அவன் பாடு"ன்னு ஒரு தைரியம். கேட்டவங்க கொஞ்சம் கழிச்சாங்க, ஆனா போதுமான அளவு கழிக்கல. ஆகமொத்தம், சொல்லாம இருந்ததைவிட சொன்னப்ப கேட்டவங்களுக்குத்தான் நஷ்டம்.

இதைப் படிச்சப்ப எனக்கு ஆடிப்போச்சு. இவ்வளவு நேரம் சொல்லிடுங்க, சொல்லிடுங்கன்னு எழுதிட்டு கடைசில இப்படியா? ஆனாலும் நான் கோல்ட்பர்க் கட்சிதான். தரகர் சொன்னதை நம்மால சரியாக் கழிக்க முடியறதுக்குக் காரணம் நமக்கு அதுல பல தலைமுறைப் பழக்கம். ஜாடி பரிசோதனைல அந்தப் பழக்கம் யாருக்கும் கிடையாது. சொல்லவே சொல்லாம இருந்தா அந்தப் பழக்கம் எந்தக் காலத்துல வரும்?

நம்ம நாட்டுக்கும் இதெல்லாம் வந்து சேர்ந்தாச்சு. 2014-ல செபி அனலிஸ்ட்டுகளுக்குக் கொண்டு வந்த விதிகள்ல, தனக்கோ சொந்தக்காரங்களுக்கோ அந்தக் கம்பெனில பண சம்பந்தம் இருந்தா அறிக்கைலயே சொல்லணும். அறிக்கைக்கு 30 நாள் முன்னாடியும் 5 நாள் பின்னாடியும் அந்த ஷேரைத் தொடக்கூடாது. சொந்தக்காரங்களை ஏன் சேர்த்தாங்கன்னு கேக்கறீங்களா? 2021 ஜனவரில செபி ஒரு இடைக்கால உத்தரவு போட்டுச்சு. பங்குச்சந்தை பத்தி டிவில ஒரு நிகழ்ச்சி நடத்தினவரோட மனைவி, தாயார் கணக்குகள்ல, நிகழ்ச்சில சிபாரிசு வர்றதுக்கு முந்தின நாள் வாங்கி வந்த அன்னைக்கு விக்கிற வியாபாரம் நடந்ததா அதுல இருந்தது. வைனன்ஸ் கதைதான், குடும்பத்தோட.

ஷேர் மட்டுமில்ல. 2022 ஜூன்ல மத்திய நுகர்வோர் ஆணையம் வெளியிட்ட விளம்பர வழிகாட்டு நெறிகள்ல, ஒரு பொருளைச் சிபாரிசு பண்றவருக்கும் விக்கிறவருக்கும் உள்ள தொடர்பைச் சொல்லியே ஆகணும்னு இருக்கு. எந்தத் தொடர்பை? கேக்கறவங்க சாதாரணமா எதிர்பார்க்காத தொடர்பை. அமெரிக்கா 1980-ல போட்ட வழிகாட்டிலயும் கிட்டத்தட்ட இதேதான். தரகருக்குத் தரகு உண்டுங்கறது எதிர்பார்த்த தொடர்பு, அதைப் பத்தி சட்டத்துக்குக் கவலை இல்ல. பஸ்ல பக்கத்து சீட் தாய்மாமாதான் மாட்டுவார்.

டிஸ்கி: இந்தப் பதிவுல வர்ற எந்தக் கம்பெனி ஷேரும் என்கிட்ட இல்ல. அப்பாகிட்ட ஒரு சிட்டிபேங்க் கிரெடிட் கார்டு இருந்தது, 2023-ல சிட்டியோட இந்திய கார்டு வியாபாரத்தை ஆக்சிஸ் வாங்கினதுல அதுவும் கைமாறிப் போச்சு. மேல சொன்ன இட்லிக் கடை மச்சான் கற்பனை. ஆனா எங்க பெரியப்பா ஒருத்தர் நிஜமாவே பகுதி நேரக் கல்யாணத் தரகர். தரகர்களுக்கு நான் கொடுத்த நற்சான்றிதழைப் படிக்கறவங்க அதுக்கேத்த மாதிரி கழிச்சுக்கலாம்.